நம்பர் சரி, பிடி சரியில்லை

என் பெரியம்மாவுக்கு எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பத் தெரியாது. கதவைப் பூட்டினால் பூட்டைப் பிடித்து ஓர் இழு. தண்ணீர் பாட்டிலை மூடினால் மூடியைப் பிடித்து ஒரு திருகு. நான் வெளியே கிளம்பும்போது சட்டைப் பொத்தானைக்கூட இழுத்துப் பார்த்துவிட்டு, "கழண்டுடும் போல இருக்கேடா, குடு, தைச்சுத் தரேன்" என்பார். பொத்தான் அதுவரை ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். அவர் இழுத்த இழுப்பில் எந்தப் பொத்தான் தாங்கும்?

இது கோளாறு இல்லை, தொழில். பெரியம்மா பால் ஆலையில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வெளியே இருக்கிற குளிரூட்டும் நிலையங்களிலிருந்து டேங்கர் லாரிகளில் பால் வரும். ஒவ்வொரு டேங்கருக்கும் மேலே ஒரு மூடி, கீழே ஒரு வால்வு. அங்கே பாலை நிரப்பியதும் இரண்டையும் மூடி, பிளாஸ்டிக் பட்டையில் செய்த சீலை மாட்டி இறுக்கிவிடுவார்கள். பட்டை ஒரு பக்கம்தான் போகும், திரும்பி வராது. அறுத்தால்தான் மூடி திறக்கும். ஒவ்வொரு சீலுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதை ஆலைக்குப் போனில் சொல்லிவிடுவார்கள். வண்டி ஆலைக்கு வந்ததும் அது அதே சீல்தானா, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பெரியம்மா. ஏணியில் ஏறுவார், நம்பரைப் படிப்பார், சீலுக்குள் விரலை விட்டு இழுப்பார், இறங்குவார். அடுத்த வண்டி வரும். மறுபடி ஏணி.

"இதுக்கு ஒரு ஆளா பெரியம்மா? ஒரு குரங்கை ஏத்திவிட்டா அதுவும் இழுக்குமே" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இழுக்கும். சரியில்லன்னா வண்டியை நிறுத்துமா?" என்றார்.

நிறுத்தாது என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் தோற்றதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, "வாழைப்பழம் குடுத்தா நிறுத்தும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

அடிக்கடி போய் வேடிக்கை பார்ப்பதால், ஆலையில் பால் இறக்குகிற இடத்தில் எல்லாருக்கும் நான்தான் பெயர் வைத்திருக்கிறேன். அவர்களுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதுவோ, எனக்குத் தெரியாது, தேவையும் இல்லை. டேங்கரிலிருந்து பாலை இறக்க மலைப்பாம்பு கனத்துக்கு ஒரு குழாயை இழுத்துவந்து மாட்டுகிறவர் பாம்பாட்டி. பாலைச் சொட்டுச் சொட்டாக எடுத்துச் சோதனை செய்கிற அக்கா, சொட்டக்கா. ஆலை மேலாளருக்குக் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் பெயர் கண்ணாடி. இதற்குமேல் யோசிக்க நான் என்ன கல்லூரியா படித்தேன்? பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம்.

டிரைவர்களில் ஒருவர் என் பெரியப்பா. ஆமாம், பெரியம்மாவின் வீட்டுக்காரர்தான். வீட்டில் அவர் குரல்தான் மேலே இருக்கும். ஆனால் அவருடைய டேங்கர் எடைமேடையைத் தாண்டி இறக்குமிடத்தில் வந்து நின்றதும் கதை தலைகீழ்.

"இன்ஜினை நிறுத்துங்க டிரைவர். இறங்கி, மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

"காலையில எனக்குச் சோறு கட்டிக் குடுத்த கைதானே இது? என்ன அதட்டு அதட்டுது பாரு."

"கோட்டுக்கு அந்தப் பக்கம்."

"சரிங்க மேடம்."

பாம்பாட்டி தினமும் இதற்குச் சிரிப்பார். தினமும் அதே வசனம், தினமும் அதே சிரிப்பு. பெரியம்மா மட்டும் சிரிக்க மாட்டார். மற்ற டிரைவர்களின் சீலை ஓர் இழு இழுத்தால், பெரியப்பாவின் சீலை இரண்டு இழு இழுப்பார். கேட்டால், "வீட்டு ஆளாச்சேன்னு கை தானா தளரும். அதுக்காக ஒண்ணு கூட" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆலைக்கு அந்தப் போன் வந்தது. ஓர் ஆண் குரல். "உங்க பால்ல நான் கலக்கப்போறதைக் குடிச்சா ஊருல ஒருத்தன் எந்திரிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஏன், எதற்கு, எப்போது, ஒன்றும் சொல்லவில்லை. போலீஸ் வந்து தேடியது. ஆள் கிடைக்கவில்லை.

குரலை மாற்றிப் போன் பேசுவது என் துறை. அதனால் அன்று பெரியம்மா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நான் இல்ல பெரியம்மா. சத்தியமா."

"நீ இல்லன்னு எனக்குத் தெரியும். உன்கிட்டயே கேக்காம விட்டா, நாளைக்கு எவன்கிட்ட போய் நான் கேக்கறது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை ஒரு டேங்கர் அளவுக்கு மதித்திருக்கிறாரே என்று ஒரு மாதிரி பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் போனுக்குப் பிறகு கண்ணாடி எல்லாரையும் இறக்குமிடத்தில் நிற்கவைத்துப் பேசினார். வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது. மூடி திறந்திருக்கிற பாலுக்குப் பக்கத்தில் யாரும் தனியாக நிற்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். வெளிப்பை எதுவும் உள்ளே வரக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார். "யாருக்குச் சந்தேகம் வந்தாலும் சரி, வண்டியை நிறுத்துங்க. கூட்டுற ஆளா இருந்தாலும் நிறுத்தலாம். நிறுத்தினவர் பேச்சை நான்கூட மாத்த மாட்டேன்." பேசிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்ததாகப் பாம்பாட்டி சொன்னார்.

சொட்டக்கா ஒருநாள் எனக்கு இன்னொரு விஷயத்தை விளக்கினார். டேங்கர் பால் தனியாக இருக்காது. இறக்கியதும் சைலோ என்கிற பெரிய உருளைத் தொட்டிக்குப் போகும். நாலுமாடிக் கட்டிடம் மாதிரி நிற்கிறதே, அதுதான். அதில் எல்லா ஊர்ப் பாலும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்புறம் சூடாக்குவார்கள், குளிர்விப்பார்கள், பாக்கெட்டில் அடைப்பார்கள்.

"சூடு பண்ணா கிருமி சாகும்டா. விஷம் சாகாது. ஒரு வண்டியில இருக்கிறது ஊர்ல இருக்கிற எல்லா டம்ளர்லயும் இருக்கும்."

இதைக் கேட்டதிலிருந்து அந்தத் தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் நின்று அண்ணாந்து பார்ப்பேன். அத்தனை பெரியது. அதற்கு வாசலில் காவல் என் பெரியம்மாவின் ஒரு விரல்.

காலை ஷிப்ட் முடிந்து அவர் நடந்து வரும்போது நானும் கூட வந்திருக்கிறேன். தெரு முழுக்க வாசல்களில் பால் பாக்கெட்டுகள் கிடக்கும். கதவுப்பிடியில் பையில் தொங்கும், படியில் குளிரில் வியர்த்துக்கொண்டு கிடக்கும். ஒரு வீட்டில் தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் வந்து எடுத்துப் பல்லாலேயே முனையைக் கடித்துக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார். பெரியம்மா நின்று பார்த்தார்.

"பாத்தியா, திருப்பிக்கூடப் பாக்கல."

"பாத்து என்ன தெரியப்போகுது பெரியம்மா? வெள்ளையா இருக்கும்."

"அதான்டா. நம்ம யாருன்னே அவருக்குத் தெரியாது. இருந்தாலும் கொழந்தைக்குக் குடுக்கறாரு."

அப்புறம் வீடு வரும்வரை வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கும் அன்றைக்கு யார் வீட்டு அழைப்பு மணியையும் அமுக்கிவிட்டு ஓடத் தோன்றவில்லை.

நடந்தது ஒரு மத்தியானம். நான் அங்கே இல்லை. பெரியப்பா ஒரு மாதிரி சொன்னார், சொட்டக்கா ஒரு மாதிரி சொன்னார், பாம்பாட்டி எல்லாருடைய குரலிலும் நடித்தே காட்டினார். பெரியம்மா சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரியப்பாவின் டேங்கர் வந்து நின்றது. வழக்கமான வசனம், வழக்கமான சிரிப்பு, எல்லாம் ஆயிற்று. பெரியம்மா கீழே வால்வைப் பார்த்தார். நம்பர் சரி, இழுத்தார், கெட்டி. ஏணியில் ஏறினார். மேல்மூடியின் சீலையும் படித்தார். நம்பர் சரி. விரலை விட்டு இழுத்தார்.

அங்கேயே நின்றுவிட்டார்.

மறுபடி இழுத்தார். பட்டை வந்தது. அறுந்து வரவில்லை, கழன்றும் வரவில்லை. நகக்கண் அளவுக்கு வந்து, விட்டதும் உள்ளே போனது. திரும்பி வரவே கூடாத பட்டை.

"என்ன மேடம், மேல காத்து வாங்குறீங்களா?" என்றார் பெரியப்பா, கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பெரியம்மா இறங்கினார். பாம்பாட்டி குழாயோடு நெருங்கி வந்துகொண்டிருந்தார். அவரைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டிரைவர், வழியில எங்கயாவது நிறுத்துனீங்களா?"

"இல்லயே."

இங்கேதான் ஒரு சிக்கல். பெரியப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொன்னால் பிடரியைச் சொறிவார். அது எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கும் சொறிந்தார்.

"டிரைவர், நான் இப்போ உங்க பொண்டாட்டி இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிறுத்துனீங்களா?"

பெரியப்பா பாம்பாட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ரயில் கேட் போட்டிருந்தான். வண்டியெல்லாம் வரிசையா நின்னுச்சு. எதிர்க்கடையில ஒரு டீ. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது."

"வண்டி கண்ணுல பட்டுதா?"

"பட்டுதுன்னுதான் நெனைக்கிறேன்."

"மேல்மூடி பட்டுதா?"

டேங்கரின் மேல்மூடி டீக்கடையிலிருந்து எப்படித் தெரியும்? பறவைக்குத்தான் தெரியும்.

பெரியம்மா மஞ்சள் கோட்டின் மேல் போய் நின்றுகொண்டு சொன்னார்: "இந்த வண்டிப் பால் இறங்காது."

அப்புறம் அந்த இடமே சந்தையாகிவிட்டது. வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். "நம்பர் சரிதானேம்மா?" "சரி." "அப்புறம் என்ன?" "நம்பர் சரி, பிடி சரியில்ல." ஒருவர் ஏறி இழுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இன்னொருவர் லேசாக ஆடுகிறது என்றார். வீட்டுச் சண்டையை வேலைக்கு எடுத்துவந்துவிட்டார் என்று மூன்றாமவர் சொன்னது பெரியம்மா காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னார்.

பெரியப்பா கோட்டைத் தாண்டி வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "இந்தா, இத பாரு. அந்தப் போனுக்கு அப்புறம் போலீஸ் யாரைப் பிடிக்கலாம்னு அலையுது. நீ நிறுத்துனா நான்தான் மாட்டுவேன். தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

பெரியம்மா கோட்டை விட்டு நகரவில்லை.

சொட்டக்கா பெரியம்மாவைக் கூடவே நிற்கவைத்துக்கொண்டு சாம்பிள் எடுத்துப்போய் வழக்கமாகச் செய்கிற சோதனை எல்லாவற்றையும் செய்தார். கண்ணாடி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அன்றைக்கு ஏற்கெனவே பால் குறைவு. இந்த வண்டியும் இல்லை என்றால் சாயங்காலம் பாதிக் கடைகளுக்குப் பாக்கெட் போகாது. கடைக்காரர்கள் போனிலேயே அவரைக் கொளுத்துவார்கள்.

"டெஸ்ட் என்ன சொல்லுது?"

"எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றார் சொட்டக்கா. "ஆனா இங்க நாங்க தேடுறதுதான் எங்களுக்குக் கிடைக்கும். தேடாதது உள்ள இருந்தாலும் தெரியாது. பெரிய லேபுக்குத்தான் அனுப்பணும்."

"அதுவரைக்கும் பால் தாங்குமா?"

"தாங்காது சார். ரிசல்ட் நல்லதா வந்தாலும் அந்தப் பால் குடிக்க ஆகாது."

கண்ணாடி பெரியம்மா பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். சத்தம் நின்றுவிட்டது. குழாய் முனையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டதாகப் பாம்பாட்டி சொல்வார். அந்த இடத்தில் அவர் நடிப்பதை நிறுத்திவிடுவார்.

"யாரோ கை வெச்சிருக்காங்கன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க சார்."

"தெரியாதா?"

"தெரிஞ்சா போலீஸைக் கூப்பிட்டிருப்பேனே. தெரியல. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் அந்தப் பாலை இறக்கியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "வண்டியை ஓரங்கட்டுங்க. பூட்டுப் போடுங்க. கடைக்காரங்க போன் வந்தா எனக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறினார். நான் பெயர் வைத்தவர்களிலேயே அன்றைக்கு இவருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நல்ல பெயராக வைத்திருக்கலாமோ என்று தோன்றியது.

டேங்கர் ஆலையின் பின்சுவர் ஓரமாகப் போய் நின்றது. பெரிய லேபுக்குச் சாம்பிள் போனது. பெரியப்பாவை வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். யாரோடு பேசினாய், கடைக்கு ஏன் போனாய், கேட்டபோது முதலில் ஏன் இல்லை என்றாய். அப்புறம் பெரியம்மாவையும் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் மேல உங்களுக்குச் சந்தேகமா?"

"அவர் மேல இல்லங்க. சீல் மேல."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"உங்களுக்கு ஒண்ணா இருக்கலாம்."

இனி ஒரே கேள்விதான். பாலில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா. இருக்கிறது என்று வந்தால் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நிறுத்தாதே என்றதை மீறி நிறுத்தியவர், கேட்டதற்குப் பொய் சொன்னவர், யார் நம்புவார்கள்? இல்லை என்று வந்தால் பெரியம்மா ஒரு டேங்கர் பாலைக் காரணமில்லாமல் கெட்டுப்போக விட்டவர். ஏற்கெனவே இறக்குமிடத்தில் முணுமுணுப்புதான். சாயங்காலம் பாக்கெட் கிடைக்காத கடைக்காரர்கள் கத்தின கத்து வேறு. இரண்டில் ஒன்று நடந்தே தீரும். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்க வேண்டும்.

வீடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். மேல்மாடியில் இருக்கிற எங்களுக்கே கீழ்வீட்டின் அமைதி கேட்டது. பெரியம்மா சாப்பாடு வைப்பார். பெரியப்பா தட்டைப் பார்ப்பார்.

"இதுக்கும் சீல் இருக்கா? நம்பர் என்ன?"

பெரியம்மா தண்ணீரை வைத்துவிட்டுப் போவார். ஒருமுறை நான் இடையில் புகுந்து, "பெரியப்பா, நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடுங்க" என்றேன். வழக்கமாக எடுபடும் ஜோக். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பெரியம்மா தூங்கவில்லை என்று அம்மா சொன்னார். நான் கீழே போகும்போதெல்லாம் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். தேய்க்க வேண்டாத பாத்திரத்தைத் தேய்ப்பார். கொஞ்சம் இறங்கிவந்து பேசலாமே என்று அம்மா சொன்னதற்கு, "என்னன்னு பேசறது? நான் நெனச்சது தப்பா இருக்கணும்னு ராப்பகலா வேண்டிட்டிருக்கேன். அதை அவர்கிட்ட சொன்னா நம்புவாரா?" என்றாராம்.

எனக்கு இது முதலில் புரியவில்லை. நான் ஒருவரை ஒரு விஷயத்தில் மடக்கிவிட்டால், நான் சொன்னதுதான் சரி என்று ஆகவேண்டும் என்று தவிப்பேன். ஊரே தவிக்கும். தான் தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அப்படியும் போய் ஏணியில் ஏறி அடுத்த வண்டியை இழுத்துப் பார்க்கிற ஓர் ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் துண்டு வந்தது.

பெரியப்பா குளித்துவிட்டு ஈரத்துண்டை ஜன்னல் கம்பியில் முடிச்சுப்போட்டுக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல காற்று. துண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஜன்னலின் பழைய கொக்கி ஆடியது. பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக எழுந்தார். முகம் செத்துவிட்டது.

குளிரூட்டும் நிலையத்தில் வண்டிக்குப் பால் நிரம்புகிறவரை டிரைவர்கள் அங்கே இருக்கிற குழாயடியில் குளிப்பார்கள். ஈரத்துண்டை எங்கே காயப்போடுவது? கேபினுக்குள் வைத்தால் நாறும். அதனால் மேல்மூடியின் கைப்பிடியில் கட்டிவிடுவார்கள். ஓடுகிற வண்டியின் காற்றில் ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும். ஆலைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் ஏறி அவிழ்த்துக்கொள்வார்கள். எல்லா டிரைவரும் செய்வதுதான். யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. அன்றைக்குப் பெரியப்பா அவசரத்தில் கைப்பிடியையும் சீல் பட்டையையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார். ரயில் கேட்டில் அவர் ஏறி அவிழ்க்கிறவரை ஈரத்துண்டு வழியெல்லாம் காற்றில் அடித்து அடித்துச் சீலை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

பெரியப்பா சமையலறைக்கு ஓடினார். "துண்டுதான்! துண்டு! நான்தான் கட்டினேன்! யாரும் கை வெக்கல, துண்டுதான் இழுத்திருக்கு!" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

பெரியம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார். இதற்காகத்தானே வேண்டிக்கொண்டிருந்தார்? துள்ளிக் குதிப்பார் என்று நான் நினைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "துண்டா இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாமா? அதேதான்ங்கறேன்!"

"துண்டாவும் இருக்கலாம். நீங்க டீ குடிக்கறப்ப வேற ஒருத்தன் ஏறியும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? ரிசல்ட் வரட்டும்."

"ஏய், நீ என்னை நம்பவே மாட்டியா?"

"உங்களை நம்பறேன். துண்டை எப்படி நம்பறது?" சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. "எனக்கும் ஆசையா இருக்குங்க. துண்டுன்னு சொல்லிட்டு இப்பவே படுத்துத் தூங்கிடணும்னு ஆசையா இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பெரியம்மா, "நீங்க போய் சார்கிட்ட சொல்லிடுங்க. எல்லா வண்டியிலயும் இதைத்தான் பண்றாங்கன்னா அதை அவர் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

போனார். சக டிரைவர்கள் தன்னை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று தெரிந்தும் போனார். திட்டினார்கள். "துண்டு" என்று பெயரும் வைத்தார்கள். என் வேலையை வேறொருவர் செய்த ஒரே தடவை அது. நல்ல பெயர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ரிசல்ட் வந்த அன்று நானும் ஆலைக்குப் போயிருந்தேன், பெரியப்பாவோடு. கண்ணாடி அவரை வரச்சொல்லியிருந்தார். நாங்கள் கோட்டுக்கு வெளியே நின்றோம். பெரியம்மா ஏணி மேல் இருந்தார். சொட்டக்கா மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்து, மூச்சு வாங்க, "ஒண்ணும் இல்லையாம்! எல்லாம் தேடிட்டாங்களாம்! சுத்தமான பாலாம்!" என்று கத்தினார்.

உண்மையைச் சொல்கிறேன். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் முகம் தொங்கிப்போனது. பாம்பாட்டி குழாயைத் தொப்பென்று போட்டு, "ச்சே, அத்தனை பாலும் சும்மாவா போச்சு" என்றார். எனக்கே சப்பென்று ஆனது. உள்ளே ஏதாவது இருந்திருந்தால் பெரியம்மா படம் பேப்பரில் வந்திருக்குமே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்படி நினைப்பதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த நொடி உறைத்தது. பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார், என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியம்மா ஏணியிலிருந்து இறங்கி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பால்கூடையில் உட்கார்ந்தார். ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறார் என்று நினைத்துப் பாம்பாட்டி, "விடுங்கம்மா, தப்பு யாருக்கும் வரும்" என்றார்.

ஏப்ரனை விலக்கினார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லையாமே! ஒண்ணுமே இல்லையாமே!" என்று சொட்டக்கா கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். தான் தப்பு என்று ஊரே கேட்க நிரூபணமானதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசியாக இருக்கும். பால் ஆலையில் தூசி ஏது என்று கேட்டால் பதில் இல்லை.

கண்ணாடி இறங்கி வந்தார். முணுமுணுத்தவர்களைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். "நாளைக்கும் ஒரு சீல் ஆடினா இந்தம்மா நிறுத்துவாங்க. நாளைக்கும் ஒண்ணும் இல்லாம போகலாம். அதுக்கு அடுத்த நாளும் நிறுத்துவாங்க. யாருக்காவது கஷ்டமா இருக்கா?" பாம்பாட்டி குனிந்து குழாயை எடுத்தார். பெரியப்பாவிடம், "உங்களுக்கு அடுத்த மாசம்தான் வண்டி. டீக்கும் பொய்க்கும். துண்டுக்கு இல்ல, அதை நீங்களே வந்து சொன்னீங்க" என்றார்.

பெரியப்பா தலையை ஆட்டினார். பிடரியைச் சொறியவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் சும்மா அந்தப் பக்கம் போவதுபோலப் போனேன். பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துக் கேட்டார்:

"ஒண்ணு கேக்கறேன். என் எடத்துல வேற ஒரு டிரைவர் இருந்திருந்தா, இவ்வளவு பயந்திருப்பியா?"

"பயந்திருக்க மாட்டேன்."

"நிறுத்தியிருப்பியா?"

"நிறுத்தியிருப்பேன். அதுல என்ன? நீங்கங்கறதால பயந்தேன். அவ்வளவுதான்..."

வாக்கியம் முடியவில்லை. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். பெரியம்மா சுவரில் சாய்ந்தபடி, பாதிச் சோறு தட்டில் இருக்க, சோற்றுக் கையோடு தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார். எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து, பெரியம்மாவின் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நனைத்துக் கழுவினார். அந்த ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். பட்டையை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல். பெரியம்மா விழிக்கவில்லை.

தெருவில் எவனோ ஹாரன் அடித்தான். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி முறைத்த முறைப்பில், பாவம், அவன் என்ன ஆனானோ தெரியவில்லை. மறுபடி சத்தமே வரவில்லை.